சிறு குழந்தையின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி வைப்பது எப்படி? வடசென்னைப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டையில் மழலையர் வகுப்பு ஒன்றில் பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லித் தருகிறேன். முன்பெல்லாம் முதல் நாள் வரும் குழந்தை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழும். இப்போது ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று குழந்தைகளாவது அம்மாவின் கைப்பையைப் பிடித்து இழுத்து, அதற்குள் இருக்கும் கைப்பேசிக்காக அழுகிறார்கள். அந்தத் தாய்மார்களில் பலர் தலைகுனிந்து நிற்பார்கள். அவர்கள் வெட்கப்படுவதற்கு இதில் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அடுப்பும் கட்டிலும் தையல் மெஷினும் ஒன்றாக இருக்க, வாசலில் இறங்கினால் ஷேர் ஆட்டோவும் தண்ணீர் லாரியும் உரசிக்கொண்டு போகும் தெருவில், இரண்டு வயதுக் குழந்தையை அரை மணி நேரம் ஓரிடத்தில் உட்கார வைக்க அவர்களுக்குக் கிடைத்த துணை அந்தக் கைப்பேசி மட்டுமே.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். உங்கள் வீட்டில் கைப்பேசி ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. சோறூட்டுகிறது, தூங்க வைக்கிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறது. அந்த வேலையை இனி யார், எதைக் கொண்டு செய்வது என்று முடிவு செய்யாமல் அதைப் பிடுங்கினால், மூன்றாம் நாளே அது குழந்தையின் கைக்குத் திரும்பிவிடும். கீழே உள்ள படிகள் அந்த வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வரிசையில் அமைந்துள்ளன. எல்லாவற்றையும் முடிக்க ஐந்தாறு வாரங்கள் ஆகலாம், அவசரப்பட வேண்டாம்.

எந்த வயதில் எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதன்படி இரண்டு வயது நிறையும் வரை திரை தேவையில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதிலும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸும் ஏறத்தாழ இதையே சொல்கிறது: இரண்டு வயதுக்குக் கீழே கூடாது, இரண்டு முதல் ஐந்து வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், ஐந்து முதல் பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள். வெளியூரில் இருக்கும் தாத்தாவுடன் வீடியோ காலில் பேசுவது இந்தக் கணக்கில் சேராது, ஏனென்றால் அங்கே மறுமுனையில் இருப்பவர் குழந்தை சிரித்தால் சிரிக்கிறார், கேட்டால் பதில் சொல்கிறார்.

இந்த எல்லைகளுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு, இரண்டரை வயது வரை குழந்தைகள் நேரில் ஒருவர் செய்து காட்டுவதிலிருந்து கற்கும் அளவுக்குத் திரையிலிருந்து கற்பதில்லை என்பது பல ஆய்வுகளில் கண்டறியப்பட்ட ஒன்று. குழந்தை “ம்பா” என்கிறது, நீங்கள் “ஆமா, மாடு வந்திருக்கு” என்கிறீர்கள், அது மீண்டும் உங்கள் முகத்தைப் பார்த்து “ம்பா” என்கிறது. பேச்சு இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் வளர்கிறது. ஆங்கிலப் பாட்டு நூறு முறை ஓடினாலும் திரை குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாது. “ஏ ஃபார் ஆப்பிள் எல்லாம் போனைப் பார்த்தே கத்துக்கிச்சு டீச்சர்” என்று பெருமையுடன் சொல்லும் பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தண்ணீர் வேண்டும் என்பதை அது உங்களிடம் எப்படிக் கேட்கிறது?

முதல் படி: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

எதையும் மாற்றாமல், ஏழு நாட்களுக்கு, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் மூன்று விவரங்களைக் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குக் கைப்பேசி குழந்தையின் கைக்குப் போனது, எத்தனை மணிக்குத் திரும்பி வந்தது, அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். மூன்றாவது விவரம்தான் முக்கியமானது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்ற பகுதியும் ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ என்ற பகுதியும் எந்தச் செயலி எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்டும் என்றாலும், அது உங்கள் பயன்பாட்டையும் சேர்த்தே கணக்கிடுவதால் தாளும் பேனாவும்தான் உதவும்.

வாரக் கடைசியில் அந்தத் தாள்களை அடுக்கிப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் நான்கே இடங்கள் தெரியும்: சாப்பாடு, அந்தி நேரச் சமையல், தாய் வீட்டிலிருந்தே செய்யும் வேலை, தூக்கம். எம்.சி. ரோடு கடைகளுக்காக ஜாக்கெட் தைப்பவர், பூக் கட்டி விற்பவர், காசிமேட்டில் விடியற்காலை மீன் எடுத்து வந்து பகலில் தூங்க வேண்டியவர் என ஒவ்வொருவரின் தாளும் வேறாக இருக்கும். உங்கள் தாளில் எந்த இடம் மிகக் குறைந்த நேரம் பிடிக்கிறதோ அதை முதலில் குறைக்கத் தோன்றும். ஆனால் சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள் என்று நான் பரிந்துரைக்கிறேன். காரணத்தை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: பெரியவர்களின் கைப்பேசிக்கு ஓர் இடம்

குழந்தையிடம் எதையும் கேட்பதற்கு முன் வீட்டில் உள்ள பெரியவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். அம்மா மறுத்ததை ஆயா (பாட்டி) கொடுத்தால், ஆயா மறுத்ததை மாமா கொடுத்தால், குழந்தை கற்றுக்கொள்வது யாரிடம் அழ வேண்டும் என்பதை மட்டுமே. பீரோவின் மேலோ ஃபிரிட்ஜின் மேலோ ஒரு டப்பாவை வைத்து, வீட்டுக்குள் வந்ததும் எல்லோருடைய கைப்பேசியும் அங்கே போக வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அழைப்பு வந்தால் எழுந்து போய்ப் பேசலாம்.

கடல் தொழில் செய்யும் குடும்பங்களுக்கு இதைத் தொடங்க இயல்பாகவே ஒரு காலம் அமைகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். வருமானம் இல்லாத அந்த நாட்கள் கடினமானவை என்பதை நான் அறிவேன். ஆனாலும் குழந்தையின் முதல் வார அழுகையைத் தாங்க இன்னொரு பெரியவர் பக்கத்தில் இருப்பது பெரிய பலம். வலை பின்னும் இடத்துக்குக் குழந்தையைக் கூட்டிப் போன அப்பா ஒருவர், “ரெண்டு மணி நேரம் போன் ஞாபகமே வரல டீச்சர்” என்று வந்து சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மூன்றாம் படி: சாப்பாட்டுத் தட்டை மீட்பது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் நின்று, மின்சாரம் நான்கு நாட்கள் இல்லை. என் மகளின் பிள்ளைக்கு அப்போது இரண்டே கால் வயது. முதல் நாள் மாலையே வீட்டிலிருந்த எல்லாக் கைப்பேசிகளும் அணைந்துவிட்டன. இரவு சோறு பிசைந்து உட்கார்ந்தபோது பிள்ளை வாயைத் திறக்கவே இல்லை. பசியில் அழுகிறான், ஆனால் படம் ஓடாமல் வாய் திறக்கத் தெரியவில்லை. அந்த இரவு எனக்கு ஏற்பட்ட அச்சத்தை இன்றும் மறக்க முடியவில்லை. மழலையர் வகுப்பு ஆசிரியையின் வீட்டிலேயே இப்படி நடந்திருந்தது.

படம் பார்த்துக்கொண்டே சாப்பிடும் குழந்தைக்கு வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை, பசியும் தெரிவதில்லை. சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்ளும், அல்லது மெல்லாமல் விழுங்கும். விழுங்கும்போது புரையேறும் ஆபத்தும் உண்டு. எது புளிக்கிறது, எது இனிக்கிறது என்பதுகூட மனத்தில் பதிவதில்லை. மற்ற மூன்று இடங்களில் கைப்பேசி உங்கள் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. இங்கே அது குழந்தையின் பசியையே கையில் எடுத்துக்கொள்கிறது. சாப்பாட்டிலிருந்து தொடங்கச் சொல்வது அதனால்தான்.

“அந்தக் காலத்தில் நிலாவைக் காட்டி ஊட்டவில்லையா, அதுவும் கவனத்தைத் திருப்புவதுதானே” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. நிலா சில நொடிகளுக்கு ஒருமுறை வேறொன்றாக மாறுவதில்லை. அதைக் காட்டுபவர் குழந்தையுடன் பேசிக்கொண்டிருக்கிறார், அது தலையைத் திருப்பினால் நிறுத்திக்கொள்கிறார். மொட்டை மாடிக்குப் போய்க் காக்கைக்கு ஒரு கவளம் வைத்துவிட்டு ஊட்டுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

முதல் வாரத்தில் ஒரே ஒரு வேளையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை இட்லி பொருத்தமானது, ஏனென்றால் அதைக் குழந்தை தானே பிய்த்துத் தின்ன முடியும். தரையில் பழைய துணி அல்லது பாயை விரித்து, குழந்தைக்குத் தனித் தட்டு வைத்து, அரை இட்லியைத் துண்டுகளாக்கிப் போட்டு, நீங்களும் உங்கள் தட்டோடு எதிரில் உட்காருங்கள். சிந்தட்டும், மேலெல்லாம் பூசிக்கொள்ளட்டும். இருபது முப்பது நிமிடங்களில் தட்டை எடுத்துவிடுங்கள். திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். இரண்டு மூன்று நாட்கள் மிகக் குறைவாகவே சாப்பிடும். நல்ல உடல்நலமுள்ள குழந்தை அடுத்த வேளையில் அதை ஈடுகட்டிக்கொள்ளும். ஆனால் அந்த இடைவெளியில் மனம் இளகி பிஸ்கட்டோ சிப்ஸ் பாக்கெட்டோ கொடுத்துவிட்டால் முழு முயற்சியும் வீணாகும். ஏற்கெனவே எடை குறைவாக உள்ள குழந்தை என்றால் இதைத் தொடங்கும் முன் மருத்துவரிடமோ அங்கன்வாடியில் எடை பார்க்கும் பணியாளரிடமோ பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு வேளை பழகியதும் மதியம், பிறகு இரவு. எங்கள் வீட்டில் புயலின் அந்த நான்கு நாட்களும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுவரில் விழுந்த கை நிழல்களைக் காட்டிக்கொண்டே ஊட்டினோம். இரண்டாம் நாள் இரவு வாய் திறந்தது. மின்சாரம் வந்த பிறகு நாங்கள் கைப்பேசியைத் தட்டின் அருகே திரும்பக் கொண்டுவரவில்லை.

நான்காம் படி: அந்தி நேரமும் வேலை நேரமும்

ஆறு மணிக்கு மேல் குக்கரும் அடுப்பும் சூடாக இருக்கும் ஒரே அறையில் குழந்தை காலைச் சுற்றி வருவது ஆபத்தானது. ஆகவே இங்கே மாற்று இல்லாமல் கைப்பேசியை எடுக்கவே கூடாது. அடுப்பிலிருந்து தள்ளி, நீங்கள் பார்க்கும்படி, ஒரு தட்டு, இரண்டு டம்ளர், ஒரு கிண்ணம் அரிசி வைத்துவிட்டால் இரண்டரை வயதுக் குழந்தை கால் மணி நேரம் அளந்து ஊற்றிக்கொண்டிருக்கும். மூன்று வயதுக்கு மேல் முருங்கைக்கீரை உருவலாம், வெங்காயத் தாளைச் சேர்த்து வைக்கலாம், உலர்ந்த துணிகளில் அப்பா துணி எது, தங்கச்சி துணி எது என்று பிரிக்கலாம். விழுங்கித் தொண்டையில் சிக்கக்கூடிய பட்டாணி, கடலை, பட்டன், சிறு பேட்டரி ஆகியவற்றைக் கொடுக்காதீர்கள். தண்ணீர் வாளிக்கு அருகில் தனியே விடாதீர்கள்.

இந்தப் பொருள்கள் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அன்று பகலில் குழந்தை எவ்வளவு ஓடியது என்பதைப் பொறுத்தது. ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகள் நாள் முழுவதிலும் மொத்தம் 180 நிமிடங்களாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்று அதே உலக சுகாதார நிறுவன நெறிகள் கூறுகின்றன. நம் பகுதியில் விளையாட இடமில்லை என்ற குறையில் உண்மை இருக்கிறது; மணலி, எண்ணூர்ப் பக்கம் நெடி அடிக்கும் நாட்களில் கதவைத் திறக்கவே தயங்குகிறோம். இருந்தும் ராபின்சன் பூங்கா என்று பெரியவர்கள் இன்னமும் அழைக்கும் ராயபுரம் அறிஞர் அண்ணா பூங்கா, பெரம்பூரில் முரசொலி மாறன் பூங்கா, திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் பிராகாரம் ஆகியவை காசு கேட்காத இடங்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்திருக்கும் நேரத்தில் சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணுவதும், டோல்கேட் பக்கம் பாலத்தின் மேல் ஓடும் மெட்ரோவுக்குக் கையசைப்பதும், எந்தக் காணொளியும் தராத அளவுக்குப் பேச்சைக் கொண்டுவரும். வியாசர்பாடியில் அண்ணன்மார் பந்து உதைப்பதை ஓரமாக நின்று பார்த்தாலே மூன்று வயதுப் பிள்ளை வீட்டுக்கு வந்து காலை வீசிக்கொண்டிருக்கும்.

வீட்டிலிருந்தே தைக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுத் தாயோடு பேசி, காலையில் அவர் உங்கள் பிள்ளையையும் மாலையில் நீங்கள் அவர் பிள்ளையையும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். இரண்டு வயது முதல் அங்கன்வாடியில் விடவும் முடியும். அதற்கு மேலும் நேரம் தேவைப்பட்டால், அனுமதித்த அந்த ஒரு மணி நேரத்தை மெஷின் ஓட்டும் நேரத்துக்கே ஒதுக்கி வையுங்கள், இதில் தவறில்லை.

ஐந்தாம் படி: தூக்கம்

தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரை அணைய வேண்டும். திரையின் வெளிச்சம், குறிப்பாக அதிலுள்ள நீல ஒளி, தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பதைத் தள்ளிப்போடுகிறது. சிறு குழந்தைகளின் கண்கள் இந்த வெளிச்சத்தை இன்னும் அதிகமாக உள்வாங்குகின்றன. மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. இரவு பதினொன்றுக்குத் தூங்கி ஏழுக்கு எழுப்பப்படும் குழந்தை என் வகுப்பில் பத்து மணிக்குக் காரணமில்லாமல் அழும். பசி என்று நினைத்துப் பல மாதங்கள் ஏமாந்திருக்கிறேன்.

ஒரே அறையில் எல்லோரும் படுக்கும் வீட்டில் அப்பா இருட்டில் ரீல்ஸ் பார்த்தால் குழந்தை தூங்காது. விளக்கு அணைந்த பிறகு கைப்பேசி வேண்டும் என்றால் வாசலில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். முகம் கழுவி, உடை மாற்றி, ஒரு கதை கேட்டு, முதுகைத் தட்டித் தூங்க வைப்பதை ஒவ்வோர் இரவும் அதே வரிசையில் செய்யுங்கள். கதை புதிதாக இருக்க வேண்டியதில்லை. அன்று மார்க்கெட்டில் வஞ்சிர மீனைப் பூனை இழுத்துக்கொண்டு ஓடிய கதையை ஆயா நாற்பது முறை சொன்னாலும் குழந்தை கேட்கும்.

ஆறாம் படி: அனுமதிக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துவது

இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு இருபது அல்லது முப்பது நிமிடங்களாகப் பிரித்து, தினமும் அதே நேரத்தில் கொடுங்கள். அழுததற்காகக் கொடுக்காதீர்கள், கேட்டவுடன் கொடுப்பதும், நீண்ட நேரம் மறுத்துவிட்டுக் கடைசியில் கொடுப்பதும் அழுகையைத்தான் வளர்க்கும். முடிந்தால் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டுங்கள். திரை தள்ளி இருக்கும், கைக்குள் தேய்த்து மாற்ற முடியாது, நீங்களும் கூடவே பார்த்துப் பேசலாம்.

கைப்பேசியிலேயே காட்டுவதாக இருந்தால் சில அமைப்புகளை இன்றே மாற்றுங்கள். யூடியூபில் அடுத்த காணொளி தானாக ஓடும் ‘ஆட்டோபிளே’யை அணையுங்கள். ‘யூடியூப் கிட்ஸ்’ செயலியில் தேடலை நிறுத்தவும், நீங்கள் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் காட்டவும், நேரம் முடிந்ததும் தானே மூடிக்கொள்ளும் டைமர் வைக்கவும் வழியிருக்கிறது. சில நொடிகளில் அடுத்தடுத்து மாறும் ஷார்ட்ஸ், ரீல்ஸ் வேண்டவே வேண்டாம். அடுத்தது என்ன வரும் என்ற எதிர்பார்ப்பே கையை நிறுத்தவிடாமல் செய்கிறது, அதற்கு முடிவும் இல்லை. நான் சொல்லும் எளிய முறை: இரண்டு நல்ல தமிழ்க் கதைகளையோ பாட்டுகளையோ முன்கூட்டியே இறக்கி வைத்து, டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டுக் கொடுங்கள். அவை முடிந்ததும் திரை தானாகவே வெறுமையாகிவிடும்.

வீடு முழுவதும் ஒரே கைப்பேசியைப் பயன்படுத்தும் குடும்பங்களுக்கு ஆண்ட்ராய்டின் பாதுகாப்புப் பகுதியில் உள்ள ‘ஆப் பின்னிங்’ மிகவும் உதவும். குழந்தை திறந்திருக்கும் செயலியை விட்டு வெளியேற உங்கள் பின் எண் வேண்டும். ஐபோனில் இதற்கு ‘கைடட் அக்சஸ்’ என்று பெயர். குழந்தைக்குத் தனியாக டேப்லெட் வாங்கியிருந்தால் கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ வழியாக நேர அளவும் இரவுப் பூட்டும் வைக்கலாம். பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள், யுபிஐ பின் எண்ணைக் குழந்தை பார்க்கும்படி அழுத்தாதீர்கள். மோசடியில் பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

நிறுத்தும் தருணம்தான் கடினம். ஐந்து நிமிடம் முன்பு ஒருமுறை சொல்லுங்கள். கதை முடியும் இடத்தில் நிறுத்துங்கள். அணைக்கும் பொத்தானைக் குழந்தையே அழுத்தட்டும். கை வெறுமையானதும் அதில் வைக்க ஏதாவது தயாராக இருக்கட்டும். அப்படியும் புரண்டு அழும். பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னும் பார்க்கணும்னு ஆசையா இருக்கு, இல்ல? நாளைக்குப் பார்க்கலாம்” என்று சொல்லி, கொடுக்காமல் இருங்கள். முதல் சில நாட்களில் அழுகை கூடும். உறுதி தளராவிட்டால் ஓரிரு வாரங்களில் குறையத் தொடங்குவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: கண்ணும் பேச்சும்

திரையை 20 நிமிடம் பார்த்தால் 20 அடி தூரத்தில் உள்ளதை 20 நொடி பார்க்க வேண்டும் என்று கண் மருத்துவர்கள் சொல்வார்கள். நம் அறைகளுக்குள் இருபது அடி ஏது? வாசலுக்குக் கூட்டிவந்து தெருக்கோடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியைக் காட்டுங்கள். பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுவது கிட்டப்பார்வை வருவதைத் தடுக்க உதவுகிறது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ, தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் நின்றாலோ எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் காட்டலாம்.

பேச்சு விஷயத்தில் காத்திருக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டால், ஒன்றரை வயதில் விரலால் சுட்டிக்காட்டாமலோ ஒரு சொல்லும் பேசாமலோ இருந்தால், இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்க்காவிட்டால், எந்த வயதிலாவது பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்துபோனால், அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், ஸ்டான்லி மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை ஆகியவற்றில் ஒன்றுக்குப் போய்க் காதுப் பரிசோதனையும் வளர்ச்சிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். “போனை நிறுத்தினால் பேசிவிடும், ஆறு மாதம் பார்க்கலாம்” என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். கேட்கும் திறன் குறைவும் ஆட்டிசமும் கைப்பேசியை நிறுத்துவதால் சரியாகிவிடுவதில்லை; சீக்கிரம் தொடங்கும் சிகிச்சையாலும் பயிற்சியாலும்தான் பலன் உண்டு. கைப்பேசியை நிறுத்துவதையும் பரிசோதனையையும் ஒரே வாரத்தில் செய்யலாம்.

எட்டாம் படி: வழுக்கும் நாட்கள்

காய்ச்சல் வரும், ஊருக்குப் போகும் பேருந்தில் ஆறு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், கல்யாண வீட்டில் மாமா ஆசையாகக் கையில் கொடுத்துவிடுவார். அந்த நாட்களில் அளவு மீறிப் போவது இயல்பு; அதற்காகத் தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. உறவினரிடம், “சாப்பிடும்போதும் தூங்கும்போதும் மட்டும் வேண்டாம் அண்ணே” என்று இரண்டே இடங்களைச் சொல்லுங்கள், அவர்களால் நினைவில் வைத்துக்கொள்ள முடியும். வீடு திரும்பியதும் கைப்பேசியை டப்பாவில் வைத்துவிட்டு, மறுநாள் காலை பாயை விரித்து, அரை இட்லியைப் பிய்த்துப் போட்டு, உங்கள் தட்டோடு எதிரில் உட்காருங்கள்.